மாமி காகாசனம் பழகிய மாரிகாலம்

மாமியின் முகத்தில் இரத்தத்தைக் கண்டபோது வீட்டுக்குள் கள்ளன் புகுந்துவிட்டான் என்றுதான் முதலில் நினைத்தேன். நன்றாக விடிந்துவிட்ட நேரம். குசினியில் தேத்தண்ணிக்குக் கேத்தில் வைத்துக்கொண்டிருந்தேன். சாமான் அறைக்குள் தேங்காய்ச் சாக்கு சரிந்தது மாதிரி ஒரு சத்தம். ஓடிப்போய்க் கதவைத் தள்ளினால், என் மாமியார் குப்புறக் கிடக்கிறார். உடம்பில் சேலை இல்லை. என் கணவரின் பழைய சாரத்தை முழங்காலுக்கு மேலே இழுத்துக் கட்டியிருக்கிறார். மூக்கால் இரத்தம் ஒழுகுகிறது.

"ஐயோ மாமி! ஆர் அடிச்சது?"

"கத்தாதை பிள்ளை, அயல் கூடப்போகுது. ஒருத்தரும் அடிக்கேல்லை. நானாத்தான் விழுந்தனான்."

"எங்கயிருந்து விழுந்தனீங்கள்?"

"என்ர கையில இருந்து."

எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. அறையைச் சுற்றிப் பார்த்தேன். ஏணி இல்லை, கதிரை இல்லை, வாங்கு இல்லை. ஏறி விழுவதற்கு அங்கே ஒரு முக்காலிகூட இல்லை. பிறகுதான் மாமியின் முழங்கை இரண்டும் மடிந்து கிடந்த விதத்தைக் கண்டேன். அது என் ஆசனம். ஒவ்வொரு விடியலும் கூடத்தில் பாய் விரித்து நான் செய்யும் காகாசனம்.

நான் அந்தக் காலத்தில் திருகோணமலையில் ஒரு பெண்கள் பாடசாலையில் உடற்பயிற்சி ஆசிரியை. கழுத்தில் விசில், காலில் கன்வஸ் சப்பாத்து, வாயில் எப்போதும் ஏச்சு. எனக்குக் கோபம் மூக்கு நுனியில் என்று என் கணவர் சொல்லுவார். அது பொய். அது மூக்குவரை ஏறும்வரை நான் காத்திருந்ததில்லை. பாண் ரொட்டிக்கு வரிசையில் நிற்கவேண்டியிருந்த எழுபதுகளின் நடுப்பகுதி அது. பிள்ளைகளைக் கொண்டு யோகாசனம் செய்துகாட்டவேண்டும் என்று பாடசாலை அதிபர் ஆசைப்பட்டதால், பயிற்சிக் கல்லூரியில் படித்ததையெல்லாம் தூசி தட்டி எடுத்து வீட்டில் பழகிக்கொண்டிருந்தேன்.

காகாசனம் பார்க்கப் பயங்கரமாக இருக்கும், சூட்சுமம் சின்னது. குந்தியிருந்து இரண்டு உள்ளங்கைகளையும் நிலத்தில் ஊன்றி, முழங்கையைக் கொஞ்சம் மடித்து, முழங்கால்களை மேற்கையில் ஏற்றி வைக்கவேண்டும். பிறகு மெல்ல முன்னுக்குச் சாய்ந்தால் கால்கள் தாமாகவே நிலத்தை விட்டு எழும்பும். முழு உடம்பும் கையில் நிற்கும், காகம் குந்தியிருப்பதுபோல. மாமி முதன்முதல் அதைக் கண்ட அன்று சேலைத்தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டார். "சரி, காகம் மாதிரி இருந்தாச்சு. இனிக் கரையிறதுதானே மிச்சம்?" என்று கேட்டுவிட்டுக் குசினிக்குள் போனார். அதோடு முடிந்தது என்றுதான் நினைத்தேன். அவர் கதவிடுக்கால் ஒவ்வொரு நாளும் பார்த்துக்கொண்டிருந்தார் என்பது எனக்கு எப்படித் தெரியும்?

தூக்கிவிடக் கையைப் பிடித்தேன். வழக்கம்போல வெடுக்கென்று இழுத்துக்கொண்டார். என் விரலில் ஏதோ வழுவழுப்பு. மோந்து பார்த்தால் முறிவெண்ணெய்.

"இதென்ன மாமி?"

"மணிக்கட்டு நோகாமல் இருக்கட்டும் எண்டு போட்டனான்."

"எண்ணெயைப் பூசிக்கொண்டு மினுக்கின சீமெந்தில கையை ஊண்டினா வழுக்காமல் என்ன செய்யும்? விழுந்தும் மீசையில மண் ஒட்டேல்லை எண்டு சொல்ல உங்களுக்கு மீசையும் இல்லை!"

மாமி மூக்கைத் துடைத்துக்கொண்டு சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. ஐம்பது தாண்டிய மனுசி. கழுத்து ஒருபக்கம் திரும்பி விழுந்திருந்தால்?

மாமியின் கையைப்பற்றி இங்கே சொல்லவேண்டும். அவர் யாருக்கும் கை கொடுக்கமாட்டார், யாருடைய கையையும் பிடிக்கவும் மாட்டார். சோறு குழைத்து உருட்டித் தருவார், தலைக்கு எண்ணெய் வைப்பார், முதுகு தேய்ப்பார். கையைப் பிடிக்கிற கதை மட்டும் இல்லை. நான் மணப்பெண்ணாக வந்த அன்று மற்றவர்கள் எல்லாரும் என் கையைப் பிடித்தார்கள், இவர் சேலையின் தோள்மடிப்பைப் பிடித்துத்தான் உள்ளே கூட்டிப்போனார். கோணேசர் கோயில் மலைக்கு ஏறும்போது மேடான இடம் வந்தால் குடையை நீட்டுவார். பிடியை அவர் வைத்திருப்பார், முனையை நாங்கள் பிடித்துக்கொள்ள வேண்டும். அயலில் அவருக்குப் பட்டப்பெயரே குடை மாமி. நான் சல்லிக் கிராமத்துக்காரி. மீன் காயவைக்கிற ஊரில் பிறந்தவள். என் கையில் மீன் மணக்கிறது என்று நினைக்கிறாராக்கும் என்று பல வருடம் உள்ளுக்குள் புழுங்கியிருக்கிறேன்.

அதற்குள் என் கணவர் முகத்தில் பாதிச் சவர நுரையோடு ஓடிவந்தார். துறைமுகத்தில் இழுவைப் படகில் வேலை செய்கிற, புயலுக்கே கலங்காத மனுசன். தாயைச் சாரத்தோடு கண்டதும் என் பக்கம் திரும்பினார்.

"நீர்தான் அம்மாவுக்கு இதைப் பழக்கினீரோ? அவவைக் கொல்லப் பாக்கிறீரோ?"

"எனக்கே இப்பதான் தெரியும்! என்னிலை பாயாதேங்கோ!"

"ரெண்டு பேரும் வாயை மூடுங்கோ" என்றார் மாமி. "நான் மூதூர்த் துறையில, அந்த ஜெட்டியில ஏறோணும். அதுக்குத்தான்."

என் கணவர் அப்படியே சுவரோடு சாய்ந்துவிட்டார். அவருக்கு விளங்கிவிட்டது. எனக்கு மாமி சொல்லித்தான் விளங்கியது.

மச்சாள், அதாவது என் கணவரின் தங்கை, மூதூரில் கலியாணம் செய்திருந்தாள். குடாவுக்கு அக்கரை. முதல் பிள்ளைக்கு வலி வந்தபோது மாமி ரோட்டால் போனார். அந்தக் காலத்தில் ரோட்டால் போவதென்றால் கிண்ணியாவைத் தாண்டி ஆறு ஆறாகக் கடக்கவேண்டும். பாலம் கிடையாது, பஸ்ஸையும் ஆட்களையும் ஏற்றிக்கொண்டு மிதந்துபோகும், பாதை என்கிற தெப்பம்தான். மாரி மழைக்கு ஆறு பெருகினால் பாதை நின்றுவிடும். மாமி ஆற்றங்கரையில் தெரியாத ஒரு முஸ்லிம் வீட்டில் தங்கி, வெள்ளம் வற்றிப் போய்ச்சேர்ந்தபோது பிள்ளையைப் புதைத்துவிட்டார்கள். இரண்டாவது பிள்ளை வயிற்றிலேயே தங்கவில்லை. இப்போது மூன்றாவது. அசையக்கூடாது, படுக்கையிலேயே கிடக்கவேண்டும் என்று டொக்டர் சொல்லிவிட்டதால் அவளை இக்கரைக்குக் கொண்டுவரவும் ஏலாது. இந்தமுறையும் நாள் சரியாக மாரிக்குள் விழுந்தது. 'அம்மா பக்கத்திலை இருந்தால் பிள்ளை தங்கும், வராட்டி நானும் தங்கமாட்டன்' என்று போய்வருகிற ஆட்கள் எல்லாரிடமும் சொல்லியனுப்பிக்கொண்டிருந்தாள்.

மிச்சம் இருந்த வழி லோஞ்சு என்கிற மோட்டார்ப் படகு. திருகோணமலை இறங்குதுறையிலிருந்து குடாவைக் குறுக்கறுத்து நேரே மூதூருக்குப் போகும். இக்கரையில் ஏறுவது சுகம். அக்கரையில் கடல் வற்றாக இருந்தால் லோஞ்சு கீழே நிற்கும், ஜெட்டிப் பலகை நெஞ்சுமட்டத்துக்கு இருக்கும். படி பாசி பிடித்துக் கிடக்கும். மேலே நிற்கிற யாராவது கை கொடுத்து இழுத்துவிட்டால்தான் ஏறலாம். ஆம்பிளைகள் கையை ஊன்றித் தாவிவிடுவார்கள்.

"கையை ஊண்டி முன்னுக்குச் சரிஞ்சா கால் தானா எழும்புது" என்றார் மாமி என்னைப் பார்த்து. "நீ செய்யேக்க பாத்தனான். அதே வேலைதானே பிள்ளை, ஜெட்டியிலையும்?"

இத்தனை வருடம் பிள்ளைகளுக்குப் பழக்கியிருக்கிறேன். ஆசனத்தை இப்படி யோசித்த ஒரு ஆளை நான் கண்டதில்லை.

"மேல நிக்கிறவை கை தருவினம்தானே மாமி? ஏன் இந்தப் பாடு?"

"எனக்கு ஒருத்தற்றை கையும் வேண்டாம்."

என் கணவர் முகத்து நுரையைத் துடைக்காமலே கிணற்றடிக்குப் போய்விட்டார்.

வேண்டாம் என்று சொல்லிப் பார்த்தேன். ஏசிப் பார்த்தேன். சாமான் அறைக்குப் பூட்டுப் போட்டேன், அவர் விறகுக் கொட்டிலுக்குள் போய்ப் பழகினார். தலைக்கு மேல் வெள்ளம் போனபிறகு சாண் என்ன, முழம் என்ன? களவாகப் பழகி மூக்கை உடைப்பதைவிட ஒழுங்காகப் பழகட்டும் என்று கடைசியில் நானே இறங்கினேன். முதலில் டொக்டரிடம் கூட்டிப்போய் பிரஷர் பார்க்க வைத்தேன். எதற்கு என்று டொக்டர் கேட்டார். காகாசனம் பழக என்றேன். "உங்களுக்கோ?" என்றார். "இல்லை, மாமிக்கு" என்றேன். டொக்டர் மாமியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், பிறகு பிரஷர் பட்டியைத் திரும்பவும் சுற்றி இன்னொருமுறை அடித்துப் பார்த்தார். பிரஷர் நல்லாக இருந்தது. என்னுடையதைப் பார்த்திருந்தால் தெரிந்திருக்கும்.

எண்ணெய்க்குத் தடை போட்டேன். கையை அரப்பால் கழுவித் துடைத்து, ஈரம் இல்லாமல் வந்தால்தான் தொடங்கலாம். வழுக்குகிற சீமெந்தை விட்டு முற்றத்துக் கெட்டி மண்ணில் சாக்கு விரித்தேன். முகத்துக்கு நேரே இரண்டு இலவம்பஞ்சுத் தலையணை. முதல் கிழமை ஏழு நாளும் காலைத் தூக்கவே விடவில்லை. தவழ்கிற பிள்ளைபோல நின்று, விரல்களை அகல விரித்து, உள்ளங்கை முழுவதிலும் பாரத்தைப் பரப்பிப் பழகச்சொன்னேன். மணிக்கட்டு மட்டும் தாங்கினால் மணிக்கட்டு போய்விடும், விரலும் தாங்கவேண்டும். சாப்பிட்ட வயிற்றோடு கூடாது. மூச்சை அடக்கக் கூடாது. பாய்ந்து ஏறக் கூடாது. முதலில் ஒரு காலின் பெருவிரலை மட்டும் எடுத்து வைக்கவேண்டும், பிறகு மற்றது. மணிக்கட்டில் சுரீர் என்றால் அன்றைக்கு அவ்வளவுதான்.

"ஏறுறது பெரிசில்லை மாமி, இறங்கத் தெரியோணும். ஏலாது எண்டு தெரிஞ்ச உடனை பிடிச்சுக்கொண்டு நிக்காதேங்கோ. காலைக் கீழ விடுங்கோ. விடத் தெரியாதவைதான் முறிச்சுக்கொள்ளுறது."

மாமி தலையாட்டினார். ஆனால் ஒரு பிழை மட்டும் திருந்தவேயில்லை. காலை எடுக்கும் நேரம் பார்த்துக் கண் நேரே கீழே போய்விடும். கண் போனால் தலை போகும், தலை போனால் ஆளே போகும். தலையணையில் முகம் புதைந்து விழுவார். எழும்புவார். திரும்பவும் கீழே பார்ப்பார்.

ஒருநாள் எனக்குப் பொறுமை போய்விட்டது. மைதானத்தில் கத்துவதுபோலக் கத்தினேன்.

"எத்தினை தரம் சொல்லுறது? கீழ பாராதேங்கோ! முன்னுக்குப் பாருங்கோ! கீழ என்ன கிடக்கு?"

மாமி சாக்கில் கையூன்றியபடியே இருந்தார். நிமிரவில்லை.

"அவர் கிடக்கிறார் பிள்ளை" என்றார்.

அவர் என்றால் மாமா, என் கணவரின் தகப்பன். மாமா கடலில் போனவர் என்றுதான் எனக்குச் சொல்லியிருந்தார்கள். கடல் கொண்டுபோட்டுது என்று ஒரு சொல். இந்தப் பக்கத்தில் கடல் எத்தனையோ வீட்டில் ஆளைக் கொண்டுபோயிருக்கிறது, நான் துருவிக் கேட்கவில்லை. மாமி அன்று சொன்னார், நிலத்தைப் பார்த்தபடியே.

மச்சாள் கைக்குழந்தையாக இருந்த காலம். மூதூரில் ஒரு கலியாணத்துக்குப் போயிருக்கிறார்கள். அதே ஜெட்டி. மாமா முதலில் தாவி ஏறி, பிள்ளைகளை வாங்கி மேலே விட்டுவிட்டு, குனிந்து மாமிக்குக் கை கொடுத்திருக்கிறார். மாமி பிடித்த அந்த நேரம் அலை அடித்து லோஞ்சு விலகிவிட்டது. மாமியின் கால் அந்தரத்தில். பயத்தில் கையை விடவில்லை. அவர் பாரத்தில் மாமா நிலைதவறி, மாமியின் தலைக்கு மேலாலே வந்து விழுந்து, லோஞ்சின் விளிம்பில் தலை அடிபட்டுத் தண்ணீருக்குள் போனார். மாமியை உடனே தூக்கிவிட்டார்கள்.

"நான் விட்டிருந்தா நான் நனைஞ்சிருப்பன். அவ்வளவுதான். நீந்தத் தெரிஞ்ச ஆக்கள் பத்துப்பேர் நிண்டவை" என்றார் மாமி. "நான் விடேல்லை."

இத்தனை வருடமாக ஒரே வீட்டில் சோறு தின்றிருக்கிறேன். மீன் மணக்கிறது என்றல்லவா நான் நினைத்தேன்! விசில் கழுத்தில் தொங்க, சாக்கில் அவருக்குப் பக்கத்தில் குந்தினேன். அழுகை வந்தது, அழுதேன். மாமி அழவில்லை. கொஞ்ச நேரத்தில், "சரி, எங்கை பாக்கச் சொன்னனீ?" என்று கேட்டார். முற்றத்து முருங்கை மரத்தைக் காட்டினேன். அன்றைக்கு ஒரு கால் எழும்பியது.

அடுத்த மாதத்தில் இரண்டு காலும் எழும்பின. சேலையைக் காலுக்குள்ளால் இழுத்துக் கொடுக்காகக் கட்டிக்கொண்டு, முருங்கையைப் பார்த்தபடி, என் மாமி கையில் நின்றார். வேலிக்கு மேலாலே எட்டிப் பார்த்த பக்கத்து வீட்டு அக்கா, "என்ர கோணேசரே!" என்று கத்தியதில் அவர் கையிலிருந்த வாளி கிணற்றுக்குள் விழுந்தது. மாமி நிதானமாகக் காலைக் கீழே வைத்து, மூச்சுவிட்டு, "வாளிக்குப் பாதாளக்கரண்டி எங்கடை வீட்டிலை கிடக்கு, வந்து எடு பிள்ளை" என்றார்.

மழை பிடித்து ஊற்றிக்கொண்டிருந்த ஒரு காலை, மூதூரிலிருந்து துறைமுகக் கந்தோருக்கு ரெலிபோன். மச்சாளுக்கு நாளுக்கு முந்தியே வலி கண்டுவிட்டது. என் கணவர் படகோடு கடலில் நின்றார். கந்தோர் ஆள் சைக்கிளில் வந்து சேதி சொல்லி முடிக்குமுன்பே மாமி சேலையைக் கொடுக்காகக் கட்டிவிட்டார். நான் பாடசாலைக்குச் சேதி அனுப்பிவிட்டு, பிள்ளைப்பெறுக்கென்று எடுத்துவைத்திருந்த காயச் சரக்கு, பழந்துணி, ஒரு போத்தல் நல்லெண்ணெய் எல்லாவற்றையும் பையில் அடைத்துக்கொண்டு கூட ஓடினேன்.

குடா அன்று பொல்லாதது. லோஞ்சுக்குள் பாதிப்பேர் சத்தி எடுத்தார்கள். கிண்ணியாப் பக்கத்து நெல் வியாபாரி ஒருவர் கண்ணை மூடிக்கொண்டு ஓதிக்கொண்டே வந்தார். மாமி விரல்களை விரிப்பதும் மடக்குவதுமாக இருந்தார்.

மூதூர் ஜெட்டி வந்தது. நான் பயந்ததுபோலவே பலகை உயரத்தில் நின்றது. ஆம்பிளைகள் தாவினார்கள். லோஞ்சுக்காரர் மேலே ஏறி நின்று கையை நீட்டினார்.

"வாங்கம்மா, கையத் தாங்க."

"விலகுங்கோ தம்பி" என்றார் மாமி. குடையைப் பலகையில் போட்டார். சேலையில் உள்ளங்கையைத் துடைத்தார். லோஞ்சின் விளிம்பில் ஏறி நின்று, விரல்களை அகல விரித்துப் பலகையில் ஊன்றினார். எதிரே கரையில் ஒரு வாகைமரம் நின்றது. அதைப் பார்த்தார். முழங்கை மடிந்தது, உடம்பு முன்னுக்குச் சரிந்தது, முழங்கால் மேற்கையில் ஏறியது. அதே நேரம் அலை வந்து லோஞ்சு விலகியது. கீழே வெறும் தண்ணீர். மாமி கையில் நின்றார். பிறகு ஒரு முழங்காலைப் பலகையில் வைத்தார், மற்றதை வைத்தார், எழும்பிக் குடையை எடுத்தார்.

"என்ட அல்லாஹ்!" என்றார் லோஞ்சுக்காரர். "ஆர் இந்த மனுசி, சேர்க்கஸ்காரியா?" என்று பின்னால் யாரோ கேட்டார்கள். "என்ர மாமி" என்றேன் நான், நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு.

அந்தப் பெருமைதான் எனக்கு வினை. பின்பக்கக் கயிறு அவிழ்ந்து லோஞ்சுக்காரர் அதைப் பிடிக்க ஓடிவிட்டார். கயிறு கட்டும்வரை நிற்கிற ஆளா நான்? பையை மேலே எறிந்துவிட்டுக் கையை ஊன்றினேன். போத்தலுக்கு மூடியாக அடைத்திருந்த துணி வழியில் கழன்று எண்ணெய் ஒழுகியிருந்ததும், பையைத் தாங்கிக்கொண்டு வந்த என் இரண்டு கையும் நல்லெண்ணெயில் ஊறியிருந்ததும் ஊன்றிய பிறகுதான் எனக்குத் தெரிந்தது. கை வழுக்கியது. லோஞ்சு விலகியது. இடுப்பைத் தண்ணீர் தொட, பலகையில் முழங்கைகளை மட்டும் கொளுவிக்கொண்டு தொங்கினேன். விலகிய லோஞ்சு திரும்பி வந்து இடித்தால் நான் நடுவில்.

மாமி குடையை நீட்டினார். பிடித்தேன், வழுக்கியது. திரும்பவும் பிடித்தேன், வழுக்கியது. மாமி என் கையைப் பார்த்தார். குடையை விட்டெறிந்தார். அது கடலில் விழுந்தது. பலகையில் நீட்டுக்கு விழுந்து படுத்துக்கொண்டு, இரண்டு கையாலும் என் மணிக்கட்டுக்கு மேலே, எண்ணெய் இல்லாத இடத்தில் இறுக்கிப் பிடித்தார்.

அந்தக் கை என்னைப் பிடித்தது அதுதான் முதல்தடவை. எனக்கு அப்போது என் உயிர் நினைவில் இல்லை. மாமா விழுந்த கதைதான் கண்ணுக்குள் நின்றது.

"விடுங்கோ மாமி! நீங்களும் விழப்போறியள்! எனக்கு நீந்தத் தெரியும், விடுங்கோ!"

"வாயை மூடு!" என்றார் மாமி. "கீழ பாராதை. என்னைப் பார். முன்னுக்குப் பார்!"

பார்த்தேன். நெற்றியில் மழைநீர் ஓட, பல்லைக் கடித்தபடி இருந்த அந்த முகத்தை நான் இப்போதும் பார்க்கிறேன். விடவில்லை. லோஞ்சுக்காரரும் நெல் வியாபாரியும் ஓடிவந்து என் தோளிலும் சேலையிலும் பிடித்து மேலே இழுத்துப் போட்டார்கள். அடுத்த கணம் லோஞ்சு ஜெட்டியில் வந்து இடித்தது. பலகை அதிர்ந்ததை முதுகால் உணர்ந்தேன். நீந்தத் தெரியும் என்று நான் சொன்னது பச்சைப் பொய்.

மாமி எழும்பி உட்கார்ந்தார். உள்ளங்கை இரண்டும் பலகையில் உரசித் தோல் கிளம்பியிருந்தது. அதைப் பார்த்துக்கொண்டு, எனக்கா தனக்கா என்று தெரியாமல் சொன்னார்:

"அவர் நிண்டு குடுத்தவர். கை குடுக்கிறதெண்டா படுத்துக் குடுக்கோணும். இது எனக்குக் கன வருசத்துக்குப் பிறகுதான் மண்டையில ஓடினது."

இத்தனை வருடமாக ஒவ்வொரு நாளும் அந்த ஜெட்டியில்தான் மாமி நின்றுகொண்டிருந்திருக்கிறார் என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது.

"எழும்பு பிள்ளை, அங்கை அவள் கிடந்து கத்துவாள்" என்றார்.

வீட்டு வாசலிலேயே மச்சாளின் குரல் கேட்டது. ரோட்டில் வெள்ளம் ஏறியதால் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வண்டி கிடைக்கவில்லை, மருத்துவிச்சி வந்திருந்தா. நனைந்த சேலையோடு மாமி நேரே உள்ளே போனார். மச்சாள் தாயைக் கண்டதும் கையை நீட்டினாள். நீட்டிய கை பாதியில் கீழே இறங்கி, தாயின் சேலைத்தலைப்பைத் தேடியது. பிறந்ததிலிருந்து அவளுக்கு அதுதான் பழக்கம். மாமி தலைப்பைப் பறித்து விட்டுவிட்டு, தோல் கிளம்பிய கையால் அவள் கையைப் பிடித்தார்.

மச்சாள் வலியை மறந்து தாயின் முகத்தைப் பார்த்தாள். "அம்மா?" என்றாள். "உங்கடை கையோ இது?"

"என்ர கைதான். பிடி."

அவள் பிடித்த பிடியில் மாமியின் காயத்திலிருந்து இரத்தம் கசிந்து பாயில் விழுந்தது. மாமி அசையவில்லை. மத்தியானம் தாண்டி, மழை கொஞ்சம் விட்ட நேரம் பிள்ளை பிறந்தது. பெண்பிள்ளை. அழக் கொஞ்சம் பிந்தியது. அந்தக் கொஞ்ச நேரமும் மருத்துவிச்சி பிள்ளையின் உள்ளங்காலைச் சுண்டிக்கொண்டிருந்தா. பிறகு வீரிட்டது பாருங்கள், என் விசில் தோற்றது.

மருத்துவிச்சி பிள்ளையைத் துடைத்துத் துணியில் சுற்றி நீட்டினா. "அம்மம்மா வாங்குங்கோ" என்றா. மாமி கேட்டதாகவே தெரியவில்லை. மச்சாளின் கையைப் பிடித்தபடி இருந்தார்.

"அம்மா, கையை விடுங்கோ" என்றாள் மச்சாள் மெதுவாக. "பிள்ளையை வாங்க ரெண்டு கையும் வேணும்."

மாமி அப்போதுதான் கையை விட்டார்.